வெற்றிலை மைல்

பட்டாசு லாரி ஓட்டுகிறவன் பீடி குடிக்கக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன ஏறியிருக்கிறது என்று தெரிந்தவனுக்குச் சட்டம் எதற்கு? சிவகாசியில் பெட்டி பெட்டியாக லோடு ஏற்றி, சந்துகளில் வைக்கோல் திணித்து, படுதா போட்டுக் கயிறு இறுக்கி முடித்ததும் நான் செய்கிற முதல் காரியம் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி கொண்டுபோகிறவன் பையில் ஒரு தீக்குச்சி இருக்காது. ஆனால் ராப்பகலாக ஓட்டுகிறவன் வாய் சும்மா இருக்குமா? அதனால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வெற்றிலைக்கு அடிமையாகிப்போனோம்.

நான் ஓட்டியது ஐம்பதுகளின் பிற்பாதியிலும் அறுபதுகளிலும். சிவகாசியில் கிளம்பி விருதுநகர், மதுரை, திண்டுக்கல், சேலம் வழியாகப் பெங்களூர். சீசனில் அதற்கு அப்பாலும் போவோம். அந்தக் காலத்து ரோடுகளைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் கோபம்தான் வரும். ஒரு லாரி மட்டும் போகிற அகலத்தில் நடுவே தார், இரண்டு பக்கமும் மண். எதிரே வண்டி வந்தால் எவன் முதலில் மண்ணில் இறங்குவது என்று மல்லுக்கு நிற்க வேண்டும். எங்கள் பக்கம் கரிசல் மண் வேறு. வெயிலில் வாய் பிளக்கும், மழையில் டயரைப் பிடித்து உள்ளே இழுக்கும். பள்ளம் என்றால் ஒன்றா இரண்டா! ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் என் அடிவயிற்றில் கேட்கும். பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சில இடங்களில் மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருப்பார்கள். நம்பி ஏறினால் பொளக்கென்று இறங்கும். அந்த மாதிரி நேரங்களில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்த ரோட்டில் வெற்றிலை போடுவது லேசான காரியமில்லை. வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும். இடது தொடையில் வெற்றிலையை விரித்து, இடது கைப் பெருவிரலால் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, ஒரு துளி எடுத்துத் தடவ வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால் போச்சு. சுண்ணாம்பு அப்பிக்கொண்டு நாக்கு வெந்துபோகும். ஒருமுறை குலுங்கிய குலுக்கலில் விரல் கண்ணுக்குள் போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு மதுரை வரை ஓட்டினேன். வண்டியை நிறுத்திப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கரிசல் காட்டில் உச்சி வெயிலில் பட்டாசு லோடை நிறுத்தி வைத்து வெற்றிலை மடிக்க எனக்குப் பைத்தியமா?

இப்படி இருக்கையில்தான் எங்களுக்கு ஒரு மைல் அகப்பட்டது. சிவகாசியிலிருந்து வரும்போது ஆமத்தூர்ப் பக்கத்தில் ஒரே ஒரு மைல். அதற்குள் நுழைந்ததும் லாரியின் சத்தமே மாறிவிடும். தகர ஆட்டம் நிற்கும், கியர்க் கம்பி துடிப்பதை நிறுத்தும். கிளீனர் கண்ணை மூடிக்கொண்டே, "வந்துருச்சு" என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர் அவர், தூக்கத்திலும் அந்த மைலைத் தெரிந்துகொள்வார். நான் தொடையில் வெற்றிலையை விரிப்பேன். நான் மட்டுமில்லை, சிவகாசி லோடு ஓட்டிய அத்தனை பேரும் அந்த மைலில்தான் வெற்றிலை போட்டோம். எவன் முதலில் சொன்னானோ தெரியாது, எங்களுக்குள் அதற்கு வெற்றிலை மைல் என்றே பேர் ஆகிவிட்டது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வெற்றிலையின் முதல் சாற்றை எங்கள் ஊரில் விழுங்க மாட்டார்கள், துப்பிவிட வேண்டும். லோடு ஏற்றிய லாரி ஒரு மைல் ஓட மூன்று நிமிஷம் ஆகும். மைலின் தொடக்கத்தில் போட்ட வெற்றிலைக்கு முதல் சாறு ஊறி வாய் நிறைகிற நேரமும் சரியாக அதுதான். மைல் முடிகிற இடத்தில் மைல்கல். சிவகாசியிலிருந்து வருகிறவனுக்கு அது வலது கைப்பக்கம், டிரைவர் ஜன்னலும் வலது கைப்பக்கம். அப்புறம் என்ன, தலையை வெளியே நீட்டிப் புளிச்சென்று துப்ப வேண்டியதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் யாரும் அந்தக் கல்லைக் குறி பார்க்கவில்லை. கல்தான் எங்கள் வாய்க்கு நேராக வந்து நின்றது.

ஒருநாள் அப்படித் துப்பினேன். கல்லுக்குப் பின்னால் ஒரு ஆள் குந்தியிருந்தது எனக்குத் தெரியாது.

"ஏலே! கண்ணு என்ன பொட்டையாப் போச்சா?"

நான் பொறுமைசாலி என்று என் மனைவிகூடச் சொன்னதில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டுக் கீழே குதித்தேன். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. உயரமாக, வெயிலில் காய்ந்த உடம்பு. ஒரு கையில் சுண்ணாம்புச் சட்டி, மறு கையில் வெள்ளையடிக்கிற நார் மட்டை. காக்கிச் சட்டையின் தோளிலிருந்து என் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. அந்த மைலைப் பார்த்துக்கொள்கிற ரோட்டுக் கூலி அவர். அப்போதெல்லாம் இத்தனை மைலுக்கு இத்தனை பேர் என்று ஆள் வைத்து ரோட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

"கல்லுக்குப் பின்னால பதுங்கி இருந்தா எவனுக்குத் தெரியும்?" என்றேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால் சத்தம் கூடுதலாகவே வந்தது.

"பதுங்கியா? வெள்ளையடிச்சிட்டு இருக்கேம்லே! ஒன்னய மட்டும் சொல்லல. சிவகாசிலருந்து வாற அம்புட்டு லாரிக்காரனுக்கும் இந்தக் கல்லுதான் கெடச்சுதா? முந்தாநேத்து அடிச்ச வெள்ள, இன்னிக்குக் கோயில் செவராட்டம் பட்ட பட்டயா நிக்கிது. ஊரு வரைக்கும் வாயில வச்சிருந்துட்டு எம் மைல்லதான் கொண்டாந்து துப்பணுமாக்கும்?"

"வாயில வைக்கிறதுக்கு மொதல்ல வெத்தல போட முடியணுமில்லய்யா! சிவகாசிலருந்து மதுர வரைக்கும் கை ஆடாம சுண்ணாம்பு தடவணும்னா ஒம் மைல விட்டா வேற மைலு எங்கன இருக்கு?"

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டில் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவர் கால்மேல் சொட்டியது.

"என்ன சொன்னீக?"

ஏலே என்று கூப்பிட்டவர் சொன்னீகவுக்கு வந்துவிட்டார். எனக்கும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நெசத்தத்தான் சொல்றேன். நாங்க இதுக்கு வெத்தல மைலுன்னு பேரே வச்சிருக்கோம்" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் தன் ரோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எம் பொஞ்சாதி தீப்பெட்டியாபீஸ்ல இருக்கா. நாள்பூராம் ரோட்டத் தடவிக்கிட்டு இருக்கியே, எவன் பாக்கப் போறான்னு ஏசுவா. இதச் சொன்னா நம்ப மாட்டா" என்றார். சட்டையில் இருந்த கறையை அவர் துடைக்கக்கூட இல்லை.

அன்று ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. கல்லைத் தாண்டி நாற்பதடியில் ஒரு ஓடைப் பாலம். எங்கள் ஆட்கள் அதுவரை வாயை அடக்கிக்கொள்வது. சொன்னபடி எல்லோரும் நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல் முன்னைவிட வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த மனிதரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஒரு மைல் ரோட்டில் ஒரு மனிதனுக்கு இத்தனை வேலை இருக்கும் என்று யார் கண்டது! மற்ற இடங்களில் பள்ளம் விழுந்தால் அதில் கல்லையும் மண்ணையும் கொட்டிவிட்டுப் போவார்கள். இவர் முதலில் பள்ளத்தைப் பெரிதாக்குவார். உளியும் சம்மட்டியும் வைத்துக்கொண்டு, வட்டப் பள்ளத்தைச் சதுரமாக வெட்டுவார், தச்சன் மரத்தில் துளை போடுவதைப் போல நாலு ஓரமும் நேராக. உள்ளே இருக்கிற தூசியைத் துடைப்பத்தால் பெருக்கி, அதற்கும் மேலே வாயால் ஊதுவார். அப்புறம்தான் காய்ச்சின தார், ஜல்லி, திமிசுக் கட்டையால் இடி. இடித்து முடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்ப்பார். கையில் மேடு தட்டுப்பட்டால் மறுபடியும் இடிப்பார். சுடுகிற தாரில் அப்படித் தடவித் தடவி அவர் உள்ளங்கை மாட்டுத் தோலாகியிருந்தது.

மழைக்கு முன்னால் பத்து நாள் அவரை ரோட்டின்மேல் பார்க்க முடியாது. ஓரத்து வாய்க்காலில் இறங்கிப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருப்பார். மழை கொட்டுகிற நாளில் எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள், இவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்கு வருவார். தண்ணீர் எங்கே தயங்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மண் ஓரத்தை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்.

"லாரி மிதிச்சு ரோடு கெடாது டிரைவர் தம்பி," என்று ஒருநாள் சொன்னார். "தண்ணி தங்குனாத்தான் கெடும். மளைத் தண்ணிக்குப் போக வளி காட்டிட்டா அது நம்மள ஒண்ணும் செய்யாது."

அதுவரைக்கும் நான் ரோட்டைத் திட்ட மட்டும்தான் செய்திருந்தேன். அதன்மேல் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் மற்ற ஊர் ரோடுகளைப் பற்றி அவருக்குக் கேட்டு மாளாது. அந்த மைலுக்குள் வண்டியை நிறுத்த அவர் விடமாட்டார், நின்ற இடத்தில் டயர் பதியும், எண்ணெய் சொட்டும் என்பார். அதனால் நான் வேகத்தைக் குறைப்பேன், அவர் ஜன்னலோடு சேர்ந்து ஓடிவந்துகொண்டே கேட்பார். "பெங்களூர்ப் பக்கம் ஓரத்துல என்ன மரம்?" "புளிய மரம் அண்ணாச்சி!" "நடு ரோடு ஒசந்து இருக்கா, தட்டையா இருக்கா?" "ஒசந்துதான் இருக்கு!" "ஆங், அதான் சரி!" இருபது அடி ஓடி இரைக்க இரைக்க நின்றுவிடுவார். மிச்சக் கேள்வி அடுத்த லோடுக்கு. இதற்காகவே நான் போகிற வழியெல்லாம் ரோட்டை உற்றுப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். என் கிளீனர், "ஒமக்கென்ன ரோட்டு எஞ்சினியர்னு நெனப்பா?" என்று கேலி செய்வார்.

இத்தனை செய்த மனிதர் தினக்கூலி என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. மேஸ்திரி நாளைக்கு வராதே என்றால் நாளைக்கு அவருக்கு மைலும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. அதை அவர் என்னிடம் சொன்னது ஒரு தீபாவளி சீசனில், பெரிய எஞ்சினியர் ரோட்டைப் பார்வையிட வரப்போகிறார் என்று தெரிந்தபோது. அந்தப் பகுதியில் ஒரு ஆளை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். ஒவ்வொருவர் மைலையும் பார்த்துவிட்டு எஞ்சினியர் எழுதுகிற பேர்தானாம்.

"ஒத்த எடம். ஏளு பேரு நிக்கோம்" என்றார். "இந்தவாட்டி விட்டா எனக்கு வயசு தாண்டிரும். வாற வியாளக்கெளம வாராக. அன்னிக்கு ஒருநா மட்டும் நம்ம ஆளுகள வாயக் கட்டச் சொல்லுங்க தம்பி."

ஒரு மனிதன் ஒன்பது வருஷ உழைப்பை வைத்துக்கொண்டு நம்மிடம் கேட்பது இவ்வளவுதானா! சிவகாசிக்குப் போய் லாரிகள் நிற்கிற இடத்தில், டீக்கடையில், டயருக்குக் காற்று அடிக்கிற இடத்தில் என்று ஒரு இடம் விடாமல் பிரசங்கம் செய்தேன். "வியாளக்கெளம எவனாவது அந்தக் கல்லுல துப்புனான்னு தெரிஞ்சது, அவன் வாயில கிரீஸ அப்பிருவேன்!" என்றேன். அத்தனை பேரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து எனக்கு முன்னால் போன அத்தனை லாரிகளும் கல்லைப் பயபக்தியோடு தாண்டிப் போயிருக்கின்றன.

எனக்கு அன்று லோடு தாமதமாகிவிட்டது. கம்பெனி மானேஜர் தன்மேல் இருந்த தப்பை என்மேல் திருப்பி, பெங்களூர் ஆர்டர் சனிக்கிழமைக்குள் சேராவிட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று பேசிவிட்டார். பத்து மணிக்குக் கிளம்பினேன். அவர் பேசும்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன் அல்லவா, அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களையெல்லாம் ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். திருத்தங்கல் போனது தெரியவில்லை. ஆமத்தூர் வந்தது தெரியவில்லை. குலுக்கல் நின்றதும் என் கை தானாகவே தொடையில் வெற்றிலையை விரித்திருக்கிறது, தானாகவே சுண்ணாம்பைத் தடவியிருக்கிறது. நான் மானேஜரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைந்தது. தலையை வெளியே நீட்டினேன்.

துப்பிவிட்டுத் தலையை உள்ளே இழுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. விடிகாலையில் அடித்த வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை. அதில் மேலிருந்து கீழாக என் சிவப்பு. அதற்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துத் தலை சீவி, துவைத்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவர் நின்றார்.

அடப்பாவி! ஊருக்கு உபதேசம் செய்தவனின் நாறவாய்! லாரியை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் கேனையும் துண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கல்லின்மேல் ஊற்றித் தேய்த்தேன். சுண்ணாம்பு இன்னும் முழுசாகக் காயவில்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்து கல் முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. இன்னும் தேய்த்தேன், இன்னும் பரவியது.

"விடுங்க தம்பி. தேய்க்கத் தேய்க்கத்தான் பெருசாகுது" என்றார் அவர். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றைக்குப் போல ஒரு ஏலே போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சுண்ணாம்புச் சட்டி வீட்டில் இருந்தது. அதை எடுக்க அவர் நாலு எட்டு ஓடினார். அதற்குள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது.

முதலில் குதித்தவர் மேஸ்திரி. கல்லைப் பார்த்ததும், "இதுதாம்லே நீ மைலு பாக்குற லச்சணமா?" என்று பாய்ந்தார்.

பின்னால் எஞ்சினியர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், நல்ல சிவப்பு, வெள்ளைக் கால்சட்டை. அவர் கல்லைப் பார்த்தார், என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார். கடைசியில் ரோட்டுக் கூலியைப் பார்த்தார்.

"நாந்தாங்கய்யா கவனிக்காம இருந்துட்டேன்" என்றார் அவர்.

என் பக்கம் ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. ஒன்பது வருஷம் கைநழுவிப் போகிற நேரத்தில் நேற்று முளைத்த ஒரு லாரிக்காரனைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார். "ஐயா, துப்புனது நான்!" என்று கத்தினேன். "இவுக மேல ஒரு தப்பும் கெடையாது."

"ஏன்யா, இவ்வளவு நீள ரோடு கிடக்கு. துப்ப இந்தக் கல்லுதான் கிடைச்சுதா உனக்கு?" என்றார் எஞ்சினியர்.

"இந்த மைல்லதானய்யா வெத்தல போட முடியுது!" என்றேன். சொல்லத் தொடங்கினதும் என்னால் நிறுத்த முடியவில்லை. குலுங்காத ரோடு, முதல் சாறு, மூன்று நிமிஷம், வலது கைப்பக்கம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மேஸ்திரி என்னை வெறித்துப் பார்த்தார். எஞ்சினியர் சிரித்துவிட்டார்.

"என்னய்யா கதை விடுறே? நான் தஞ்சாவூர்க்காரன். எங்கிட்டேயே வெத்தலைக் கதையா?" என்றவர், கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். "லாரியைத் திருப்பு. நானே பார்க்கிறேன்."

வண்டிப்பாதை பிரிகிற இடத்தில் முன்னும் பின்னுமாக ஆறு தடவை ஓட்டி லாரியைத் திருப்பினேன். கிளீனர் ஜீப் பக்கமே நின்றுகொண்டார். இரண்டு மைல் பின்னால் போய் மறுபடியும் திரும்பிக் கிளம்பினோம். முதலில் வந்தது அடுத்த ஆளின் மைல். எஞ்சினியர் முழங்காலில் வெற்றிலையை விரித்தார். சுண்ணாம்பை எடுத்தார். ஒரு பள்ளம். வெள்ளைக் கால்சட்டையில் சுண்ணாம்பு தெரியவில்லை, மூக்கில் நன்றாகத் தெரிந்தது. "சரி, சரி, போ" என்றார்.

அடுத்து எங்கள் மைல். லாரியின் சத்தம் அடங்கியது. அவர் புது வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். நரம்பை உரித்தார், அதைக்கூடச் செய்தார்! சுண்ணாம்பை ஆற அமரத் தடவி, பாக்கு வைத்து, அழகாக மடித்து வாயில் போட்டார். அப்புறம் வெறும் விரலை முகத்துக்கு நேராக நீட்டி, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். கல்லுக்குப் பக்கத்தில் எல்லோரும் கைகட்டி நின்றார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். எஞ்சினியர் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார், முடியவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. போ, போ என்று கையை ஆட்டினார். ஓடைப் பாலத்தில் நிறுத்தினேன். இறங்கி ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"மூணு நிமிஷம்தான்யா" என்றார்.

திரும்பி நடந்து வந்து, ஒட்டுப் போட்ட ஒரு இடத்தில் குந்தி, ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "சதுரமா வெட்டணும்னு உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லலங்கய்யா. வட்டமா விட்டா ஓரம் பேந்துருது. சதுரமா வெட்டுனா பேரல."

எஞ்சினியர் நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அன்று பெங்களூர் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். நின்ற டீக்கடையிலெல்லாம் இந்தக் கதைதான். மானேஜரை மறந்தே போனேன்.

தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்திருக்கும். சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வெற்றிலை மைலின் நடுவில், ரோட்டுக்கு மத்தியில் கையைத் தூக்கிக்கொண்டு அவர் நின்றார். தன் மைலில் வண்டியை நிறுத்தவே விடாத மனிதர். நிறுத்தி இறங்கினேன். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "மேஸ்திரி குடுத்துட்டுப் போனாரு. கெடச்சிருச்சுன்னு மட்டும் சொன்னாரு. நீங்க வாசிச்சாத்தான் எனக்கு ஒப்பும்" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது.

தமிழில் டைப் அடித்திருந்தது. நிரந்தரச் சாலைப் பணியாளராக நியமிக்கப்படுகிறார் என்று நான் சத்தமாக வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணாச்சி!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பிறகு அடுத்த வரியைப் பார்த்தேன். என் வாய் தானாக நின்றுவிட்டது.

"என்ன தம்பி, நிறுத்திட்டீக? கீள இன்னும் எளுத்து கெடக்குல்ல?"

வாசித்தேன். அவருடைய வேலைத் திறமையைக் கருதி, சாத்தூருக்குத் தெற்கே மிகவும் பழுதுபட்டுள்ள சாலைப் பகுதியில் அவர் பணியமர்த்தப்படுகிறார். ஒன்றாம் தேதி அங்கே ஆஜராக வேண்டும்.

எஞ்சினியர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அவரைச் சொல்லி என்ன? நல்ல வேலைக்காரனைக் கெட்ட ரோட்டுக்குத்தானே அனுப்புவார்கள். அந்தத் திறமையை அவர் கண்ணில் விரலைவிட்டுக் காட்டியது யார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், கல்லில் துப்பியதற்கு என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்.

"அந்த ரோடு எப்பிடி?" என்று கேட்டார் அவர்.

"மோசம் அண்ணாச்சி. ரெண்டு தடவ போயிருக்கேன். நடு ரோட்டுலயே தண்ணி நிக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டார். தன் மைலை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பொஞ்சாதியைப் பற்றிக் கேட்கப் போகிறார், வீட்டைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நான் என்ன பதில் சொல்வதென்று யோசித்தேன்.

"இந்த மைலு யாருக்குன்னு போட்டிருக்கு?"

காகிதத்தை மேலும் கீழும் பார்த்தேன். "அது இதுல இல்ல அண்ணாச்சி."

"பின்பக்கம் பாருங்க."

திருப்பினேன். பின்பக்கம் வெறும் தாள். அதை அவரிடமும் காட்டினேன். எழுத்து தெரியாதவர் அந்த வெறும் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"போடாம இருக்க மாட்டாக தம்பி. ரோட்ட அப்பிடி அனாதையா விடுவாகளா? நல்லாப் பாருங்க."

எனக்குக் கண் மறைத்தது. சட்டைக்கையால் துடைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் காகிதத்தை மறுபடியும் முன்பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.